பதினாலாம் நம்பர் டோக்கன்

அபிராமபுரம்,
சனிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சாய்நாத்துக்கு, மாமனார் ஸ்ரீனிவாசராகவன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உங்கள் மாமியார் அபயாம்பாள் சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் ஏன் இன்னும் சொல்லவில்லை என்று விளக்கவே இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நம் ஸ்நேஹா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள், நடுநடுவே சிரிப்பாள்.

போன மாதம் லஸ் முனையில் எனக்குத் தலை சுற்றியதும், ஸ்கூட்டர் இளநீர்க் குவியல் மேல் ஏறியதும் உண்மை. நீங்கள் சாவியை வேளச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போனதும் நியாயமே. "தலைசுத்தல் இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும் மாமா, அன்னிக்கே சாவி" என்றீர்கள். அதற்காக டாக்டர் மணிமொழியின் கிளினிக்குக்கு இந்த வாரம் மூன்று முறை போய், மூன்று முறையும் அவரைப் பார்க்காமலே திரும்பி வந்தேன். குற்றம் என்னுடையதல்ல, சக நோயாளிகளுடையது.

அந்த கிளினிக்கின் கதவுக் கம்பியில் ஒரு நோட்டும் பேனாவும் கயிற்றில் தொங்கும். காலை ஆறு மணிக்குப் போய்ப் பெயர் எழுதினால் அந்த வரிசைப்படி டோக்கன். நான் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தவன், வரிசை என்றால் எனக்கு உயிர். திங்களன்று ஐந்தாவதாக எழுதினேன். ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால், "ரிப்போர்ட் மட்டும் காட்டணும், ரெண்டே நிமிஷம்" என்று ஒரு பெருங்கூட்டம், ஒருத்தர் கையிலும் டோக்கன் இல்லை. ஒரு அம்மாள் தன் எக்ஸ்ரேயை என் மடியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். இன்னொருவர் தன் வயிற்றுப்போக்கின் வரலாற்றைப் பாலவாக்கத்துச் சம்பந்திக்குப் போனில் உரக்கச் சொன்னார், நேரம் உட்பட. பண்பு கருதி பதினோரு பேருக்கு வழிவிட்டேன். டாக்டர் கிளம்பிவிட்டார்.

புதனன்று வீட்டிலிருந்தே விதிகள் எழுதிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினேன். இருமுகிறவர்கள் ஜன்னலோரம், முழங்கால்காரர்கள் மின்விசிறிக்குக் கீழே, வயிற்றுக்காரர்கள் கழிவறைப் பக்கம். செருப்பு வாசலில். அடுத்தவர் வியாதியைக் கேட்டுவிட்டு, தன் வியாதி அதைவிடப் பெரிது என்று சொல்லக் கூடாது. எல்லோரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பொன்னுரங்கம் என்ற ஆட்டோக்காரர் மட்டும் நடுவில் நின்றார். "இன்னா சார், எனக்கு இருமலும் கீது, முட்டி வலியும் கீது. எங்க குந்துறது?" நியாயமான கேள்வி. விதியில் அதற்கு இடமில்லை. ஜன்னலும் மின்விசிறிக் காற்றும் ஒருசேரக் கிடைக்கிற மாதிரி பெஞ்சை நகர்த்தி முடிப்பதற்குள் என் முறை வந்து போயிருந்தது.

வெள்ளிக்கிழமைதான் விசேஷம். ரிசப்ஷனில் இருக்கும் தாரணி, "எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, நீங்களே கூப்பிடுங்க சார்" என்று பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை, ரிட்டையர் ஆன பிறகு அப்படி ஒரு காலை எனக்குக் கிடைக்கவே இல்லை! ரிப்போர்ட்காரர்கள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். புதிதாக வந்த ஒருவர் நான்தான் டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டினார். நீட்டியவர் மனம் நோகக் கூடாதே என்று நானும் பார்த்து வைத்தேன். மூன்று தடவை கூப்பிட்டும் வராதவர் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது என் விதி. "பதினாலு!" என்றேன். ஆளில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவை வாசலுக்கே போய்த் தெருவைப் பார்த்துக் கத்தினேன். பொன்னுரங்கத்துக்கு அலுத்துவிட்டது. "அந்த ஆளு எங்கியோ பூட்டாரு சார், அடிச்சி வுடு" என்றார். அடித்தேன், இரண்டு கோடாக. டாக்டர் போன பிறகு சட்டைப் பையில் கைவிட்டால் என் டோக்கன் வருகிறது. பதினாலு.

"ஊர் நம்பரையெல்லாம் கூப்பிட்டுண்டு, சொந்த நம்பரை அடிச்சுட்டு வந்து நிக்கறேளே!" என்று அபயாம்பாள் இன்னும் முடிக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, மூன்று மணி நேரம் உட்காராமல் நின்று அத்தனை பேரை உள்ளே அனுப்பியவனுக்குத் தலைசுற்றல் இருக்க முடியுமா? இதையே சான்றிதழாக ஏற்று, சாவியைத் திருப்பித் தந்துவிடுங்கள். நீங்களும் ஸ்நேஹாவும் நோய்நொடியில்லாமல், எந்த கிளினிக் வாசலையும் மிதிக்காமல் நீண்ட நாள் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
ஸ்ரீனிவாசராகவன்

பி.கு.: அபயாம்பாளுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். முதல் தடவை கூப்பிடும்போதே பதினாலு நான்தான் என்று எனக்குத் தெரியும். வாசலுக்குப் போய்க் கத்தினபோது கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், தெருவே சுற்றியது. திங்களும் புதனும்கூட வேண்டுமென்றேதான் என் முறையைத் தவறவிட்டேன். உள்ளே போனால் டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சாவி உங்களிடமே இருக்கட்டும். வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, என் பெயரை நீங்களே நோட்டில் எழுதி, என் பக்கத்தில் உட்காருங்கள். நம்பர் கூப்பிட்டதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.