பவளப்பாறையின் பணிமுறிவு

எங்கள் ஆழ்கடல் துறையில் பணிமுறிவு என்பது மரணத்தைவிடப் பெரிய விஷயம். வேலையில் இருக்கும்போது செத்துப்போனால் குடும்பத்துக்காவது ஓய்வூதியம் கிடைக்கும். சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் ஒருநாள் வராமல் பணி முறிந்துபோனால் அதுவரை உழைத்த உழைப்பெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான். ஆகையால் முறிவுகளை ஆராய்ந்து, தக்க காரணம் இருந்தால் மன்னித்து, ஆசாமி இடைவிடாமல் வேலை பார்த்ததாகவே கருதும்படி ஆணை போட ஒரு தனிப் பிரிவு உண்டு. அதன் கண்காணிப்பாளர் அடியேன். கடலை நான் பார்த்ததில்லை. அந்தக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது.

என் பிரிவுக்கு ஒருநாள் பவளம்மா வந்தார். குளிர்ந்த ஆழ்கடலில் வளரும் பவளங்களைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பெரிய படிப்பு படித்த ஆராய்ச்சியாளர், ஆனால் தற்காலிகம். வருஷத்துக்கு ஒருமுறை அவரை ஒருநாள் நிறுத்திவிட்டு மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வோம், நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதே என்று. பைத்தியக்கார மனுஷி, அந்த ஒருநாளும் வந்து வேலை பார்த்துவிட்டுத்தான் போவார். வரவில்லை என்று நாங்கள் எழுதிக்கொள்வோம்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கரையிலிருந்து தள்ளி, ஆழமான ஒரு பள்ளத்தில் அவருடைய பவளப்பாறை இருக்கிறது. கடல் தரையை இரும்புப் பலகையோடு சுரண்டிக்கொண்டு போகும் பெரிய வலைகளை அங்கே இறக்க ஒரு கப்பல்காரர் அனுமதி கேட்டிருந்தார். மீன்பிடிப் பருவம் தொடங்குவதற்குள் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்துவிட வேண்டும் என்று பவளம்மா நாயாய் அலைந்துகொண்டிருந்தார்.

ஆதாரமாக, பாறைக்குள் நீளக் குழாயை இறக்கி எடுத்த ஒரு தூணைக் கொண்டுவந்து மேஜைமேல் கிடத்தினார். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. அடியில் பவளம், நடுவில் சாம்பல் நிறச் சேறு, மேலே மறுபடி பவளம். அந்தச் சேற்றால்தான் வினை வந்தது. பாதுகாக்க வேண்டிய எந்தப் பொருளும் அதே இடத்தில் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நடுவில் பவளம் எங்கே போயிற்று என்று தணிக்கைக்காரர்கள் கேட்டுவிட்டார்கள்.

இயக்குநர் அறையில் விசாரணை நடந்தது. அங்கே வெளிச்சமே போகாது, மேலிருந்து நீரோட்டத்தில் வரும் இரைதான் பவளத்துக்குச் சாப்பாடு என்று பவளம்மா விளக்கினார். ஒரு காலத்தில் பூமியின் காலநிலை மாறி, நீரோட்டம் திசை மாறி, இரை நின்றுபோய், பட்டினி கிடந்து அத்தனையும் மாண்டது. அதன்பின் ஆறாயிரம் வருஷம் வெறும் சேறு. ஓட்டம் திரும்பிய பிறகு, வேறெங்கோ பிழைத்துக் கிடந்த பவளத்தின் குஞ்சுகள் மிதந்து வந்து, சேற்றுக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்த பழைய எலும்புக்கூட்டில் ஒட்டி வளர்ந்தன. இவ்வளவையும் இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"லீவு எழுதிக் கொடுத்துச்சாம்மா?"

"அது செத்துப்போச்சு சார்."

"செத்தது திரும்பி வராதும்மா. இது வந்திருக்கு. அப்ப லீவுதான்."

கோப்பு என் பிரிவுக்கு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேன். வெள்ளத்தில் பாலம் உடைந்து அக்கரையில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர் ஒருவரை முன்னொரு சமயம் மன்னித்திருந்தோம். அவருக்கு வழி இல்லை, இதற்கு இரை இல்லை, இரண்டும் ஒன்றுதானே? 'மேற்படி பவளம் தன் சக்திக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையால் வர இயலாமல் போனதைக் கருணையுடன் பரிசீலித்து, அன்னார் மேற்படி இடத்தில் இடைவிடாது இருந்ததாகவே கருதி ஆணையிடப்படுகிறது.' கையெழுத்து போடும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பவளம்மா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். கொஞ்சம் தயங்கி நின்றார்.

"சார், ஆறாயிரம் வருஷத்தையே மன்னிச்சிட்டீங்க. என்னோட ஒருநாளையும்…"

"பவளத்துக்கு வந்தது இயற்கை பண்ணினதும்மா, மன்னிக்கலாம். உங்களுக்கு வர்றது நாங்களே திட்டம் போட்டுப் பண்றது. அதை எப்படி மன்னிக்கிறது?" என்றேன். நியாயம்தானே?

ஆணை வந்தபின் தூணில் சேறு இருப்பது ஆணைக்கு முரண். அதை வெட்டி எடுத்து வாசல் பூந்தொட்டியில் கொட்டினோம். மேலும் கீழும் இருந்த பவளத்தைப் பசை போட்டு ஒட்டினோம். இந்த வகைப் பவளம் வெள்ளைதான் என்று பவளம்மா கத்தினார். பவளம் என்றால் சிவப்பு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று இயக்குநர் சாயம் பூசச் சொல்லிவிட்டார். வரவேற்பறையில் நிறுத்தி விளக்குப் போட்டதும் அழகென்றால் அப்படியொரு அழகு. வந்தவர் போனவரெல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸ் முழுக்கச் சிவப்புத் துப்பட்டாவும் சிவப்பு டையுமாக ஆகிவிட்டது. இயக்குநரின் மூக்குக்கண்ணாடிச் சட்டம்கூடச் சிவப்பு.

இத்தனையும் முடிந்தபிறகு அவர் பாதுகாப்புக் கோப்பை எடுத்தார். என் ஆணையை இரண்டு தடவை படித்தார். காலநிலை எப்படி மாறினாலும் அசையாமல் தொடர்ச்சியாக இருந்ததாக ஆணையே இருக்கும்போது, அசையாததற்குப் பாதுகாப்பு எதற்கு? பாதுகாப்பு தேவையில்லை என்று எழுதி, வலைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

பவளம்மா ஓடி வந்தார். நடுவில் சேறு இருந்ததே என்றார். எங்கே, காட்டுங்கள் என்றார் இயக்குநர். தொட்டியில் அதற்குள் செடி நட்டிருந்தார்கள், அதுவும் பிழைக்கவில்லை.

பிறகு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அழவில்லை. "போன தடவை அது திரும்பி வந்ததுக்குக் காரணம் எலும்புக்கூடு மிச்சம் இருந்துச்சு சார். வலை அதையும் மாவா அரைச்சிடும். இனிமே குஞ்சு வந்தாலும் ஒட்டிக்க இடம் இருக்காது" என்றார். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆனால் ஆணையைத் திரும்பப் பெற என் பிரிவுக்கு அதிகாரம் இல்லை. அதற்கு வேறு பிரிவு, அங்கே ஆள் போடவில்லை.

பருவம் தொடங்கியது. முதலில் மீன் மலிந்து கிடந்தது. எங்கள் வீட்டில் தினமும் மீன்தான். வலையோடு ஒடிந்த வெள்ளைக் கிளைகளும் கூடை கூடையாக வருகின்றன என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கிளை வருவது நின்றது. அந்தக் கிளைகளுக்குள்தான் மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தனவாம், ஆகவே அதன்பின் மீனும் நின்றது. பாறை செத்துவிட்டது என்று பவளம்மா எழுதிக் கொடுத்தார். "மறுபடி லீவா?" என்று இயக்குநர் சலித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் மன்னித்துக்கொள்ளலாம், முன்னுதாரணம் இருக்கிறது என்று குறிப்பு எழுதினார். பவளம்மாவின் ஒருநாளும் வந்தது. ஆராயப் பாறை இல்லாத இடத்தில் ஆராய்ச்சியாளர் எதற்கு என்று மறுநாள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை நான் பெருமையாக வீட்டில் சொல்லியிருந்தேன். அது என் தப்பு. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் வெறும் சோறு. மீன் எங்கே என்று கேட்டேன். சந்தையில் ஒரு துண்டுகூட இல்லை என்றாள் மனைவி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"போன மாசம் இருந்துச்சுல்ல? என்னிக்காவது ஒருநாள் திரும்பி வரும்ல? நடுவுல இல்லாததை மன்னிச்சாச்சு. இருக்கறதாவே கருதிச் சாப்பிடுங்க."

எல்லாம் முறைப்படி சரியாக இருந்ததால் நானும் அப்படியே சாப்பிட்டேன்.