கால் தூக்காத கச்சேரி

டார்செஸ்டர், பாஸ்டன்

அன்புள்ள அட்ராக்டா அக்காவுக்கு,

கடல் தாண்டி வந்தும் உன் திட்டை மறக்காத தம்பி ஃபின்டன் எழுதிக்கொண்டது. கிளேரில் நீயும் அத்தானும் மாடுகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே ஓர்லாவின் இடது கால் நீங்கலாக எல்லாரும் சௌக்கியம்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். கோடையில் உங்கள் ஊர் இசை விழாவுக்கு வரும்போது உன் வீட்டில் தங்கலாமா என்று என் மகள் ஓர்லாவும் அவள் கோஷ்டியும் கேட்டு எழுதுவார்கள். இடமில்லை என்று சொல்லிவிடு. கூரை ஒழுகுகிறது, அத்தானுக்கு அம்மை, வாயில் வந்ததைச் சொல். விழா முடிந்ததும் அயர்லாந்து முழுக்க ஊர் ஊராக வாசித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாளாம். கையிலிருக்கும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுவாளாம். அவள் அம்மா டெல்லா கண்ணை மூடிய பிறகு எனக்கென்று இருப்பது இந்தப் பெண் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும், அக்கா.

கோஷ்டியில் ஐந்து பேர். ஒருத்தரும் அயர்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. புல்லாங்குழல் வாசிக்கும் ஸ்டாவ்ரோஸ் கிரேக்கர் வீட்டுப் பிள்ளை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் பக்கத்து ஆள் என்று சத்தியம் பண்ணுவாய். என் அடுப்படியில்தான் ஒத்திகை, என் ரொட்டியில்தான் சாப்பாடு. உனக்குத் தெரியாததா, ஒரு மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்து, அடுத்த மெட்டுக்குத் தாவி, நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கே நிறுத்துவது? பிடில் வாசிக்கும் ஓர்லா இடது காலைத் தூக்குவாள். தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று. அந்தக் காலைத்தான் உடைத்துக்கொண்டாள். இங்கே பனியை வாரிய இடத்தில் வேறு எவனும் காரை நிறுத்திவிடாமல் நாற்காலி போட்டு வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டு மல்டூன் போட்ட நாற்காலி மேல் பிடில் பெட்டியோடு போய் விழுந்தாள். பிடிலுக்கு ஒன்றுமில்லை, காலுக்கு மாவுக்கட்டு.

உங்கள் விழாவுக்கு ஆள் பொறுக்க கன்செப்டா குலிகன் அம்மாள் வந்திருந்தாள், சிரித்தால் அபராதம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு. அமெரிக்கப் பிள்ளைகள் வேகமாக ஓடிச் சீக்கிரம் மூச்சு வாங்கும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். மாதா கோயில் மண்டபத்தில் நடனம், நம் பிள்ளைகள் வாசிப்பு. காலுக்குப் பதில் ஓர்லா தலையை ஆட்டினால் நிறுத்துவது என்று ஏற்பாடு. வாசிக்கும்போது அவள் தலை எப்பவும் ஆடிக்கிட்டேதான் இருக்கும்னு அந்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் தோணல பாரு. மெட்டு மேல மெட்டாப் போகுது. நாலு பேரும் பழக்க தோஷத்துல மாவுக்கட்டையே முறைச்சுப் பாத்துக்கிட்டு வாசிக்கிறாங்க. ஓர்லா கத்தினா, ஆடுறவங்க பூட்ஸ் சத்தத்துல கேக்கல. பிடில் வில்லையே கீழ வச்சுட்டா. தந்தி அறுந்துபோச்சு போல, நாம ஈடு கட்டணும்னு நெனச்சு இன்னும் பலமா வாசிச்சானுங்க. ஆடுறவங்களாவது உக்காரலாம்ல? டார்செஸ்டர்க்காரன் முதல்ல உக்காரட்டும்னு சவுத் பாஸ்டன்காரன், அவன் உக்காரட்டும்னு இவன். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆடுறார். ஒரு பழைய தீயணைப்புக்காரர் கன்செப்டா அம்மாளையே கையைப் பிடிச்சு ஆட இழுத்து விட்டுட்டார்.

எனக்கானால் உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒழிந்தது அயர்லாந்து என்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஓர்லா முகத்தைப் பார்த்தேன். கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள், கண் கலங்கி. மனசு கேட்கவில்லை அக்கா. மேடைக்கு முன்னால் போய், இடது காலைத் தூக்கி, கொக்கு மாதிரி நின்றேன். கீழே விழாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டேன். சுற்று முடிந்ததும் நாலு பேரும் ஒரே அடியில் நிறுத்தினார்கள். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். கன்செப்டா அம்மாள் வியர்வையைத் துடைத்தபடி நேரே ஓர்லாவிடம் வந்தாள்.

"உங்களுக்கு மூச்சு பத்தாதுன்னு நெனச்சேன். எனக்குத்தான் பத்தல. ஆகஸ்ட்ல வந்து சேருங்க."

ஆக, என் பெண்ணை என் காலாலேயே கப்பலேற்றிவிட்டேன். இனி நீ ஒருத்திதான் தடுக்க முடியும். கூரை ஒழுகட்டும் அக்கா.

அத்தான் முழங்கால் வலி தீரவும், மாடுகள் சினை பிடிக்கவும், உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கவும் புனித பிரிஜித்தை வேண்டும்,

உன் தம்பி,
ஃபின்டன் ஹன்ரகான்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் ஓர்லா ஊன்றுகோலோடு வந்து, நானும் கூட வர வேண்டும் என்றாள். நான் எதற்கு, ஆகஸ்டுக்குள் உன் கால் சரியாகிவிடுமே என்றேன். "கால் சரியாயிடும்பா. நீங்க இங்க தனியா உக்காந்திருந்தா எனக்கு வாசிக்க வராது" என்றாள். மேலே எழுதியது எதையும் படிக்காதே. ஆறு பேருக்குப் படுக்கை போட்டு வை.