ஒரு வெடி குறைகிறது

டப்பாவில் ஐந்துதான் இருந்தன. ஆறு இருக்க வேண்டும்.

இட்வல் பாரி மறுபடியும் எண்ணினார். முப்பத்தொரு வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர். மாத்திரைகளை இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணும் பழக்கம் விரலிலேயே ஊறிப்போயிருந்தது. இரண்டு, நான்கு, ஐந்து. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். மூடியின் உட்புறம் பார்த்தார். கோட்டுப் பைகளைத் துழாவினார். ஐந்துதான்.

குறைந்தது மாத்திரை என்றால் பரவாயில்லை. குறைந்தது எச்சரிக்கை வெடி. ஷூ பாலிஷ் டப்பா போல வட்டமாக இருக்கும், இரு பக்கமும் ஈயப்பட்டை. பாதையில் ஆட்கள் வேலை செய்யும்போது கொஞ்சம் தள்ளித் தண்டவாளத்தின் மேல் வைத்துப் பட்டையை மடக்கிவிடுவார்கள். தப்பித்தவறி ரயில் வந்தால் சக்கரம் அதன் மேல் ஏறும். டமார் என்று கேட்டதும் டிரைவர் நிறுத்திவிடுவார்.

நேற்று மாலை மூன்று வைத்தார். திரும்ப எடுத்தது மூன்றா, இரண்டா? டப்பாவை ஒரு கட்டை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது ஞாபகம் இருந்தது. வந்து டப்பாவைப் பூட்டியதும் ஞாபகம் இருந்தது. நடுவில் எண்ணியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

மணி எட்டே கால். பதினொரு மணிக்கு, அறுபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, கும்லாஸ் பாதையில் முதல் ரயில். ஊர்க்காரர்கள் சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் கூடி, முள் வெட்டி, ஜல்லி கொட்டி, கட்டை மாற்றி, நான்கு வருஷத்தில் எழுப்பிய பாதை. முதல் பெட்டியில் முதல் இருக்கை எலினெட் அம்மாவுக்கு. வயது தொண்ணூற்றொன்று. கடைசி அரை மைல் அவருடைய வயல் வழியாகத்தான் போகிறது. நேற்று வெடி வைத்ததும் அங்கேதான். அவர் இதயத்துக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் டாக்டர். மற்றவர் இட்வல்.

காலுக்கடியில் டமார் என்றால் அந்த இதயம் நின்றுவிடும்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் ரயில் ரத்தாகும், விசாரணை வரும், பாதையில் கால் வைக்கும் அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவரை நினைவுப்பொருள் கடையில் உட்கார வைத்துவிடுவார்கள். பாதைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. போன வருஷம் ஒரு போல்ட்டை முடுக்காமல் விட்டதற்காக டில்வின் அங்கே அனுப்பப்பட்டான். அன்று முதல் டிராகன் படம் போட்ட துண்டுகளை மடித்துக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

முதலில் போய் எடுத்துவிடுவோம் என்று இட்வல் கிளம்பினார்.

“எங்க கிளம்பிட்டே?”

கொட்டகை வாசலில் க்ளெனிஸ் நின்றாள். பாதைக் குழுவின் தலைவி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். நாற்பது பிள்ளைகளைக் கண்ணாடி வழியாகவே அடக்கிய கண்.

“சும்மாதான். ஆப்பெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டு வரலாம்னு.”

“தண்டவாளத்து ஆப்பு அத்தனையும் நேத்து நீதானே அடிச்சே?”

“நான் அடிச்சதாலதான் சந்தேகமா இருக்கு.”

க்ளெனிஸின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “வயல் பக்கம் மட்டும் போகாதே. ஒரே சேறு.”

“பூட்ஸ் போட்டிருக்கேனே.”

“போகாதேன்னா போகாதே, இட்வல். அப்புறம் உனக்கு நான் ஆப்பு அடிக்க வேண்டியிருக்கும்.”

இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று இட்வல் நினைத்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, கழிவறைப் பக்கம் போவதுபோல் போய், பின்னாலிருந்த வேலியைத் தாண்டி, குறுக்கு வழியில் நடந்து எலினெட் அம்மாவின் வயலில் இறங்கினார். முழங்கால் வரை சேறு. அந்த விஷயத்தில் க்ளெனிஸ் பொய் சொல்லவில்லை.

வயலின் நடுவில் தண்டவாளத்தின் மேல் அது உட்கார்ந்திருந்தது. இட்வலுக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டையை நெம்பி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

பத்தடி தள்ளி இன்னொன்று.

அதையும் எடுத்தார். அதற்கு அப்பால் பத்தடியில் இன்னொன்று. மூன்று வைத்த இடத்தில் ஒன்று மிஞ்சலாம். நான்கு எப்படி மிஞ்சும்? ஐந்து எப்படி? வேலிக் கதவை எட்டும்போது மொத்தம் பன்னிரண்டு.

இட்வல் முறையாக யோசித்தார். ஒன்று, தனக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். எலினெட் அம்மாவின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் தப்பவில்லை. ஆக மிச்சமிருப்பது ஒன்றுதான். யாரோ இந்த ரயிலுக்கு நாசம் நினைக்கிறார்கள். யார்? ஒரு வருஷமாகத் துண்டு மடிக்கிறவனைத் தவிர வேறு யாருக்கு அத்தனை வெறுப்பு இருக்கும்?

சொல்லலாம் என்றால், தேடப் போனது ஏன் என்ற கேள்வி வரும்.

சாப்பாட்டு டப்பாவிலிருந்த ரொட்டியை ஒரு ஆட்டுக்குப் போட்டுவிட்டு, பதினொரு வெடிகளை அதில் அடுக்கினார். கொட்டகைக்குத் திரும்பி, பன்னிரண்டாவதைத் தன் வெடி டப்பாவில் வைத்தார். இரண்டு, நான்கு, ஆறு. அன்றைக்கு முதல் தடவையாகக் கணக்கு சரியாக வந்தது. சாப்பாட்டு டப்பாவை யார் கண்ணிலும் படாமல் பாலத்தடி ஆற்றில் போட்டுவிட்டால் முடிந்தது.

“இங்கதான் இருக்கியா?” க்ளெனிஸ் அவர் முழங்கையைப் பிடித்தாள். “எங்கெல்லாம் தேடறது. நீ எலினெட் அம்மா பக்கத்துல உட்காரு.”

“நானா? நான் பின் பெட்டியில வரேனே.”

“அவங்க மாத்திரை உனக்குத்தானே அத்துப்படி. இன்னிக்குத் தேவைப்பட்டாலும் படும்.”

“ஏன் தேவைப்படணும்?”

“கேள்வி கேக்காம ஏறு.”

ஏற்றிவிட்டாள். கதவு சாத்தப்பட்டது. ஒரு பக்கம் ஜன்னல். மறு பக்கம் எலினெட் அம்மா, நீலத் தொப்பியில் புது இறகு. மடியில் பதினொரு வெடி.

வண்டி குலுங்கி நகர்ந்தது. அந்தப் பாதையில் தண்டவாளங்கள் சேரும் ஒவ்வொரு இடமும் இட்வலுக்குத் தெரியும். எல்லாவற்றையும் முடுக்கியவரே அவர்தான். அதனால் ஒவ்வொரு குலுக்கலும் வருவதற்கு முன்பே அவருக்கு வியர்த்தது. மற்றவர்களுக்கு ஒரு தடவை குலுங்கிய ரயில் அவருக்கு இரண்டு தடவை குலுங்கியது.

“டப்பாவுல என்ன தம்பி?” என்றார் எலினெட் அம்மா.

“ரொட்டி.”

“ஒரு துண்டு குடேன். காலையிலேருந்து பதட்டத்துல ஒண்ணும் இறங்கலை.”

“பழைய ரொட்டிம்மா. கல்லு மாதிரி இருக்கும். பல்லு போயிடும்.”

“இருந்தாத்தானே போறதுக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு இதய மாத்திரை ஒண்ணு கூடவே போட்டிருக்கேன். டாக்டர்கிட்ட கேட்டுத்தான். தாங்கணுமே.”

“எதைம்மா தாங்கணும்?”

“பாரு, பாரு,” என்று இட்வலின் கையில் தட்டினார்.

அப்போது நடைவழியில் ஒரு கூடையோடு டில்வின் வந்தான். கூடையில் துண்டுகள். இட்வலைப் பார்த்தான். சிரித்தான். ஒரு வருஷத்தில் முதல் சிரிப்பு.

“என்னண்ணே, டப்பாவைக் குழந்தை மாதிரி கட்டிப் பிடிச்சிருக்கீங்க? குடுங்க, சீட்டுக்கு அடியில வைக்கிறேன்.”

சீட்டுக்கு அடியில்தான் நீராவிக் குழாய் ஓடுகிறது. கை வைத்தால் கொப்பளிக்கும்.

“வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும்.”

“சூடா இருந்தா ரொட்டி மெதுவாகுமில்ல?”

“எனக்குக் கல்லு மாதிரி இருந்தாத்தான் பிடிக்கும்.”

“சரிதான்.” டில்வின் குனிந்து அவர் காதருகே சொன்னான்: “வயல் வரட்டும் அண்ணே. அப்புறம் பாருங்க வேடிக்கையை.”

அவனேதான். ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டும் போகிறான். பன்னிரண்டையும் எடுத்துவிட்டோமா? வேலிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லையே. பதின்மூன்றாவது ஒன்று இருந்தால்?

வண்டி வேகம் குறைந்தது. வயல். எதிரே இருந்தவர்கள் எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். இரண்டு பேர் கேமராவைத் தூக்கினார்கள். ஆட்டைப் படமெடுக்க இத்தனை கூட்டமா என்று இட்வல் நினைத்தார். எலினெட் அம்மா கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் அடைத்தார். காற்று ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இட்வலின் கையை இறுகப் பற்றினார். இட்வல் அந்த மணிக்கட்டிலேயே நாடியைப் பிடித்தார். துள்ளிக்கொண்டிருந்தது.

அவரும் கண்ணை மூடிக்கொண்டார். டடக், டடக். முதல் இணைப்பு. இரண்டாவது. வேலிக் கதவு. டடக், டடக். வேறு சத்தமே இல்லை. வண்டி ஓடையைத் தாண்டி, வயலைத் தாண்டி, கடைசி நிலையத்துக்குள் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

காப்பாற்றியாயிற்று. யாருக்கும் தெரியாது, யாரும் மாலை போட மாட்டார்கள், போகட்டும். நாடி ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. நான்கு வருஷத்தில் தான் செய்த மிகச் சிறந்த பாதை வேலை இதுதான் என்று இட்வல் நினைத்துக்கொண்டார்.

பெட்டியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலினெட் அம்மா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். ஒரு காதின் பஞ்சை எடுத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

“என்ன தம்பி, ஒண்ணுமே கேக்கலையே? உன்கிட்ட கேட்டா சட்டம் பேசுவேன்னு, குறைஞ்ச ஒண்ணை உன் டப்பாவுலருந்தே சுட்டு மொத்தம் பன்னிரண்டு வச்சாச்சுன்னு க்ளெனிஸ் சொன்னாளே. என் கல்யாண ரயிலுக்கு மரியாதை வேட்டாப் போட்ட மாதிரியே பன்னிரண்டும் வெடிச்சாத்தான் வயல் உங்களுக்குன்னு நான் பத்திரத்துலயே எழுதியிருக்கேன்.”