ஒருசந்தியிலும் ஏறிய இரண்டு கிலோ

ஆவடி,
தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி

மதிப்பிற்குரிய மச்சான் ஜஸ்டின் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரோஸியின் கணவன் எட்மண்ட் எழுதுவது. மாதா அருளால் நான் நலம். முகப்பேரில் நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. போன வெள்ளியிலிருந்து என் மனைவியை வீட்டில் வைத்துக்கொண்டு என் போனையும் எடுக்காதவருக்கு நலத்தில் என்ன குறை இருக்கப்போகிறது?

அவள் உங்களிடம் சொன்னது பாதிக் கதை. கிறிஸ்துமஸிலிருந்தே அவளுக்கு அசதி. நான் பனியன்கூடப் போடாமல் ஃபேனுக்கடியில் கிடக்கிறேன், இவள் இரண்டு போர்வை கேட்கிறாள். படியேற மூச்சு வாங்குகிறது என்றதால் பொங்கல் முடிந்து இரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரிடம் நான் மட்டும் போனேன். அந்த ஷர்மிளா டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி தைராய்டு என்றொரு சுரப்பி இருக்கிறதாம், அதில் சுரப்பதுதான் உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று சொல்லுமாம், அது குறைந்தால் தின்றது எரியாமல் தங்குமாம், நீர் சேருமாம், உடம்பு சில்லிடுமாம், நெஞ்சுகூட மெதுவாகத்தான் துடிக்குமாம். குறைவு என்று எங்கே போட்டிருக்கிறது என்று பார்த்தால், டி.எஸ்.எச். மூன்று மடங்கு அதிகம்! “அது மூளைக்கு அடியிலேர்ந்து வர்ற ஆர்டர் அங்கிள். சுரப்பி வேலை செய்யலன்னா மேலேர்ந்து சத்தம் போடும், அதான் கூடியிருக்கு” என்கிறது அந்தப் பெண். விழுந்து விழுந்து சிரித்தேன். முப்பத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறேன். மேலே போடும் சத்தத்துக்குக் கீழே வேலை நடக்காது என்பதை டாக்டர் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

போனால் போகிறதென்று மாத்திரையை ஒரு நாள் தவறாமல் என் கையாலேயே கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். இன்னும் ஏறியிருக்கிறது. தவக்காலம், ஒருசந்தி, நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. எடை மட்டும் இரண்டு கிலோ கூடுதல்! யாருக்குக் காது குத்துகிறீர்கள்? திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். டிபன் டப்பாவுக்கு அடியில் செம்புக் கம்பி கடத்தியவர்களையே பிடித்தவன் நான். அரிசி டப்பா முதல் பீரோ வரை சோதனை போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை, அதனால் சந்தேகம் உறுதியானது. சிலுவைப்பாதை முடிந்து வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, பையைத் திற என்றேன்.

“இன்னாய்யா, இருவத்தெட்டு வருசம் உங்கூட குப்ப கொட்டினவ நான். ஒருசந்தி இருக்கிறவளப் பாத்து திருடின்றியா? இந்தா, நீயே தொறந்து பாத்துகினு கெட” என்று பையை எறிந்துவிட்டு முகப்பேர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆகவே உடனே அனுப்பி வையுங்கள். தப்பை ஒப்புக்கொண்டால் மன்னிக்கத் தயார். வண்ணத்துப்பூச்சிக் கதையை மட்டும் என் வீட்டில் யாரும் பேசக் கூடாது. உங்கள் மனைவி ஹெலினா அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
எட்மண்ட்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு, நேற்றிரவு மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க மருந்துக்கடைக்குப் போனேன். “எப்பிடிண்ணா குடுத்தீங்க?” என்றான் கடைக்காரன் ஜெகதீசன். முதல் நாளிலிருந்தே கெட்டிப்பால் காப்பியோடு, ஒருசந்தியிலும் காப்பி தடையில்லையே, முட்டிவலிக்கான கால்சியம் மாத்திரையும் சேர்த்து என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டான். “வெறும் வயித்துல தண்ணியிலண்ணா! ஒரு மணி நேரம் கழிச்சுதான் காப்பி. கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி. நீங்க குடுத்தது ஒடம்புல சரியா சேரவே இல்ல.” டாக்டர் சீட்டின் பின்பக்கம் இதையே எழுதியிருக்கிறார், நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். மச்சான், பட்டினி கிடந்தவளைத் திருடியாக்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து உங்கள் கதவுக்கடியில் தள்ளுகிறேன். மணி காலை ஆறு. மாத்திரையும் தண்ணீருமாக வெளியேதான் நிற்கிறேன். அதற்குள் அவளுக்குக் காப்பி கொடுத்துவிடாதீர்கள்.