சைரன் அண்ணாச்சி எடுத்த டோக்கன்

விந்து முந்துதல் என்பதைத் தூத்துக்குடியில் குரலைத் தாழ்த்தாமல் சொன்ன ஒரே ஆண்பிள்ளை சைரன் அண்ணாச்சிதான். தாழ்த்த அவருக்குத் தெரியாது. கப்பல் தளத்தில் நின்று கிரேன்காரரை நோக்கிக் கத்திக் கத்தி, ரகசியம் பேசும் குரலே அவருக்குப் போய்விட்டது.

கல்யாணமான புதிதில் எனக்கு அந்தச் சிக்கல். மனைவி முகத்தைப் பார்க்கக் கூசி, வேலை இருப்பதாகச் சொல்லி ஷிப்பிங் ஆபீஸிலேயே கிடந்தேன். அவள் ஆழ்வார்திருநகரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டிவிட்டாள். லாட்ஜில் ரூம் போட்டிருந்த ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கி, துறைமுக டீக்கடையில் ஒளித்துப் பிரித்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏலே, இதத் தின்னா வயித்தால போவும். விந்து முந்துதலுக்கு டாக்டர்ட்டல்லா போவணும்."

கடையே திரும்பியது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அண்ணாச்சி லேகியத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு கடையில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"என்ன பாக்கிய? சீக்கு எனக்குத்தான்."

கிளினிக்கிலும் தன் பெயரிலேயே டோக்கன் எடுத்தார். கவுண்டரில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் வரைக்கும் கேட்டது. கூப்பிட்டதும் மாப்பிள்ளை மாதிரி நடந்தார். துணைக்கு வந்தவனாக நான் பின்னால் போனேன்.

டாக்டர் அவரைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

என்னைப் பரிசோதித்துவிட்டுப் பேசினார். இது நிறையப் பேருக்கு வருவதாம். பதற்றம் கூடினால் இன்னும் மோசமாகுமாம். இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகும் முறையையும், சிறுநீரை அடக்கும் தசைக்கான பயிற்சியையும் விளக்கினார். தேவைப்பட்டால் மாத்திரை. "அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

போனில் மனைவியிடம் சொன்னேன். "இவ்வளவுதானா? என்னயப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன்" என்று அழுதாள். மறுநாளே வந்துவிட்டாள். சில மாதங்களில் சரியானது.

அண்ணாச்சிக்கோ அதுவரை கல்யாணமே ஆகவில்லை. டோக்கன் விவகாரம் ஆறுமுகநேரியில் அவருக்குப் பார்த்திருந்த பெண் வீட்டுக்கு எட்டி, நிச்சயமாகவிருந்த சம்பந்தம் நின்றுவிட்டது. உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"சொன்னா நாளைக்கு எவம்ல என் கூட வருவான்?"

மனைவியோடு ஆறுமுகநேரிக்குக் கிளம்பினேன். பெண்ணின் அப்பாவுக்குக் காது மந்தம். நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"சத்தமாச் சொல்லும்வே."

கூடியிருந்த சொந்தபந்தமெல்லாம் கேட்கக் கத்தினேன். "அந்த டோக்கன் அண்ணாச்சி எனக்காக எடுத்தது. சீக்கிரம் முடிஞ்சது எனக்குத்தான். அவருக்கு ஒண்ணுமில்ல."

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிப் புதுப்பெண் அவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறாளாம். அண்ணாச்சி, அது மட்டும் வேண்டாம்.