தண்ணி கூடிப் போச்சு

புதுவருச ஆராதனையில் சபைக்கு முன்னால் எழும்பி நின்று, இனிச் சாராயத்தை ஒரு துளியும் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினவன் நான்தான். எழும்பி நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறது. என் மனைவி வினிபிரட் முழங்கையில் கிள்ளி எழுப்பிவிட்டாள். கல்யாணத்துக்கும் இதே கோயிலில் இப்படித்தான் எழும்பி நின்று ‘ஓம்’ சொன்னேன். அதுவும் என் யோசனை இல்லை.

சத்தியத்தை மீறவில்லை. கிளாசைத்தான் தொட்டேன், சாராயத்தைத் தொடவில்லையே! பின்னேரத்தில் விறாந்தையில், சாய்மனைக் கதிரையில், ஒரே ஒரு வாய். பார்க்கிறவர்களுக்குப் பிளேன்ரீ மாதிரி இருக்கும். போத்தலுக்காக, பல்லுக் கட்டுகிற சாட்டில் பண்டத்தரிப்பிலிருந்து நெல்லியடி வரைக்கும் பஸ்ஸில் போய் வருவேன். அங்கே எங்கள் சபையார் ஒருத்தரும் இல்லை.

குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். பென்சன் எடுத்தவனுக்கு வீட்டில் வேறு என்ன மிச்சம்? பிள்ளைகள் கனடாவில். ரீவி ரிமோட் அவள் கையில். வீட்டில் அந்த ஒரு வாய்தான் என் வாய். மற்றதெல்லாம் வினிபிரட்டின் வாய்.

அவளுக்குச் செடிகள். பூக்காத, காய்க்காத, இலை மட்டும் தடித்துக் கிடக்கிற செடிகள். சக்குலன்ற் என்று பேராம். விறாந்தைக் கட்டு முழுக்க அதுகள்தான். என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை விரித்த ஒன்று. அதைத்தான் காலையில் “என்ரை ராசாத்தி” என்று கொஞ்சுவாள். எனக்குக் காலையில் கிடைப்பது “இன்னும் முகம் கழுவேல்லையோ?” என்ற ஒன்றுதான்.

நான் செய்த பாவம் இவ்வளவுதான். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டால் கிளாசை ராசாத்தியின் சாடிக்குள் கவிழ்த்துவிடுவேன். அவளுக்கும் இந்த வயதில் கால் அடிக்கடி விறாந்தைப் பக்கம் வந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை.

“இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ. ராசாத்தியின்ரை இலை மஞ்சளாப் போச்சு.”

“வயசு போனால் இலை பழுக்கும்தானே.”

“பழுத்ததெண்டால் அடி இலை காஞ்சு விழும். உது காயேல்லை. ஊதிப்போய்க் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. தொட்ட உடனை கழருது பாருங்கோ.”

சாடி மண்ணுக்குள் விரலை விட்டாள். என்னை மணந்தவள் மண்ணையும் மணந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தண்ணி கூடிப் போச்சு.”



“ஆருக்கு?”

“செடிக்குத்தான். வேறை ஆருக்கு?”

“அதுதானே. வேறை ஆருக்கு!”

“உந்தச் சாதிக்குத் தண்ணி ஆகாது. களவாக் குடிச்சாலும் உள்ளுக்கை வேர் அழுகும். வெளியில தெரியாது. தெரியேக்கை எல்லாம் முடிஞ்சிருக்கும். ஆர் உதுக்கு வாக்கிறது?”

“பனியாயிருக்கும். மாசிப் பனி மூசிப் பெய்யுமெண்டு சும்மாவே சொன்னவை?”

“விறாந்தை ஓட்டைப் பிரிச்சுக்கொண்டோ பெய்யுது? அதுவும் உங்கடை கதிரைக்குப் பக்கத்தில மட்டும்?”

நான் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அன்றே வைத்தியம் தொடங்கியது. செடியைச் சாடியிலிருந்து பிடுங்கி, அழுகின வேரை வெட்டி, நிழலில் காயப்போட்டு, பிறகு மணலும் சிறு கல்லும் கலந்து புதுச் சாடியில் வைத்தாள். இலைக்கு ஒரு மஞ்சள் வந்தால் இவ்வளவு ஓட்டம். எனக்குச் செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோது கீழ்க்காய்நெல்லியை அரைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு மாதர் சங்கத்துக்குப் போனவள் இவள். அதைச் சொல்லிக் காட்டுகிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இதில் எனக்கு விழுந்த அடி வேறு. செடிக்குக் காவலென்று, பின்னேரங்களில் அவளும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டாள். என் ஒரு வாயும் போயிற்று. கிளாசில் உண்மையாகவே பிளேன்ரீ. அதைக் குடிக்கிறபோது கண் கலங்கியது.

அப்போதுதான் போனில் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. இந்தச் செடிகளில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி பிடித்தாலும் இலை மஞ்சளாகுமாம். மருந்து, மதுசாரத்தில் பஞ்சைத் தோய்த்துத் தடவுவது. மதுசாரம் என்றால் வேறொன்றுமில்லை, படித்த சாராயம்.

வீட்டுக்குள் சாராயம் வாசல் வழியாக, மரியாதையாக வரப்போகிறது! செடிக்கு நாலு சொட்டு. மிச்சம் செடியின் பாதுகாவலனுக்கு. குசினிக்குள் போய் ஒரு சிட்டிகை அரிசிமா எடுத்து, பஞ்சில் குழைத்து, ராசாத்தியின் இலை இடுக்குகளில் அழகாக ஒட்டினேன். கடவுளும் மண்ணில்தான் மனிதனைச் செய்தார். நான் மாவில் பூச்சி செய்தேன்.

“இஞ்சேரும்! தண்ணி தண்ணியெண்டு ஆரையெல்லாம் சந்தேகப்பட்டீர். இப்ப வந்து பாரும், பூச்சி!”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தாள்.

“ஓம். பூச்சிதான். நல்ல வெள்ளைப் பூச்சி.”

“மதுசாரம் தடவ வேணுமாம். எனக்கு உந்த மணமே இப்ப ஆகாது. சத்தியம் பண்ணின மனிசன். ஆனால் உம்மடை செடியல்லோ...”

“செடிக்கெண்டால் பாவமில்லை. ஒரு போத்தல் வாங்கியாங்கோ.”

“முழுப் போத்தலோ?” என் கால் செருப்பைத் தேடியது.

“முழுசுதான். எங்கடை சந்தித் தவறணையிலேயே வாங்குங்கோ. நெல்லியடி பல்லுக்கு மட்டும் போதும்.”

அந்தக் கடைசி வசனத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். போத்தல் கண்ணை மறைத்தது.

பட்டப்பகலில், தலை நிமிர்ந்து போனேன். தவறு செய்கிறவர்கள் அணைகிற இடம்தான் தவறணை என்று வினிபிரட் சொல்லுவாள். போத்தலோடு வெளியே வருகிறேன், எதிரே சைக்கிளில் கிறிஸ்ரோபர். எங்கள் சபையின் செயலாளர்.

“ஜெபரட்ணம் அண்ணை! நீங்களோ?”

“செடிக்கு, கிறிஸ்ரோபர். செடிக்கு.”

“ஓம் அண்ணை. எங்கடை சபை அருட்செல்வனும் நாய்க்கெண்டுதான் வாங்கினவன்.”

போகட்டும், வினிபிரட் சாட்சி சொல்லுவாள் என்று வீட்டுக்கு நடந்தேன். அவள் விறாந்தையில் ஒரு வாளியோடு தயாராக நின்றாள். போத்தலை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். முழுவதையும் வாளிக்குள் ஊற்றினாள். அதற்கு மேலே வேப்பெண்ணெய். அதற்கு மேலே சவுக்காரத் தண்ணி.

“ஐயோ! என்ன விசர் வேலை செய்யிறீர்?”

“வெறுஞ் சாராயம் இலையைச் சுட்டுப்போடும். கலந்துதான் தடவ வேணும். இந்தாங்கோ பஞ்சு. நீங்களே தடவுங்கோ, கைப்பழக்கம் உள்ள ஆள்.”

வாளியில் நுரை பொங்கியது. ஒவ்வொரு இலையாகத் தூக்கித் துடைத்தேன். அந்த மணம் மூக்கில் ஏற ஏற எனக்கு அழுகை வந்தது. பேர் எனக்கு, குடி செடிக்கு. குடி குடியைக் கெடுக்கும் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் குடியைக் கெடுத்தது செடி.

“இஞ்சாருங்கோ.”

“என்ன?”

“அடுத்த முறை பூச்சி பிடிக்கேக்கை வறுக்காத பச்சை அரிசிமாவில பிடிக்கச் சொல்லுங்கோ. வறுத்த மா எனக்குப் புட்டுக்கு வேணும்.”

பஞ்சு கையிலிருந்து விழுந்தது.

“எப்ப தெரியும் உமக்கு?”

“மண்ணை மணந்த அண்டைக்கே. எனக்கென்ன மூக்கில்லையோ?”

“பின்னை ஏன் என்னைத் தவறணைக்கு விட்டனீர்?”

“தண்ணி கூடினதை வீட்டுக்குள்ளை மூடி வைக்கக்கூடாது. வெளிச்சத்தில வைச்சால்தான் தேறும்.”

செடியைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று அப்போதும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். பலிபீடத்துக்குப் பக்கத்தில், பூக்களுக்கு நடுவில், வினிபிரட் முதல்நாளே கொண்டுவந்து வைத்த ராசாத்தி. ஒரு மஞ்சள் இல்லை. பச்சைப் பசேலென்று இருந்தது. போதகர் கண்ணை மூடினார்.

“பின்வாங்கிப்போன எங்கள் சகோதரன் ஜெபரட்ணத்தை நினைத்தருளும் ஆண்டவரே...”

கிறிஸ்ரோபர் தலையை இன்னும் கீழே குனிந்தான். முன் வாங்கில் இருந்தவர்களின் கண்கள் என் பக்கம் திரும்பின. நான் வினிபிரட்டின் காதுக்குள் கெஞ்சினேன்.

“எழும்பிச் சொல்லும். செடிக்கு வாங்கினதெண்டு நீர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும்.”

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஜெபம் முடிந்ததும், சபை முழுவதற்கும் முந்தி, கோயில் அதிரச் சொன்னாள்.

“ஆமென்!”