பனாயிஸ் வீட்டுப் புகைபோக்கி

ஹரிலாவோஸ் வாத்தியாரின் தொண்டையில் சவரக்கத்தி இருந்த நேரம் பார்த்து, அவருடைய சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

பனாயிஸின் கை அதிர்ந்தது. வாத்தியாரின் தாடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு எழுந்து சோப்பு நுரையில் பரவியது. வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. தன் முறைக்காகக் காத்திருந்த இறைச்சிக்கடை தோதோரிஸும் கவனிக்கவில்லை. இருவரும் அந்தச் சட்டைப்பையையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

பிர்கேலியில் செல்போன் அடிக்காது. தீவின் மலைமடிப்புக்குள் ஒளிந்து கிடக்கும் ஊர் அது. மணி பார்க்கவும் கணக்குப் போடவும்தான் எல்லாரும் போன் வைத்திருந்தார்கள். பேச வேண்டுமென்றால் குன்றின் உச்சியிலுள்ள எலியாஸ் கோயிலுக்கு மூச்சிரைக்க ஏற வேண்டும். செல்போன் கோபுரம் வைக்க வந்தவர்களை ஊரே திரண்டு துறைமுகம் வரை விரட்டியிருந்தது. கோபுரம் வந்தால் மூளை உருகும், ஆடு குட்டி போடாது, ஆலிவ் பூக்காது என்று ஊருக்கு எடுத்துச் சொன்னது ஐந்து பேர் கொண்ட எதிர்ப்புக் குழு. அதன் தலைவர் வாத்தியார். அதில் எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் பனாயிஸ்.

வாத்தியார் போனை வெளியே எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன வாத்தியாரே, உங்க போன் அடிக்குது?" என்றார் தோதோரிஸ்.

"அதான் எனக்கும் புரியல. மச்சான் கூப்பிடறான், ஏதென்ஸ்லேர்ந்து." ஒரு கணம் யோசித்துவிட்டு அவர் குரலை உயர்த்தினார். "நாலு கோடு காட்டுது. எவனோ ஊருக்குள்ள திருட்டுத்தனமா ஆன்டெனா வச்சிருக்கான். சாயங்காலம் குழு கூடணும்."

"வச்சவன் கையை வெட்டணும்," என்றார் தோதோரிஸ். அவர் இறைச்சி வெட்டுபவர் என்பதால் அது வெறும் பேச்சாகத் தோன்றவில்லை.

பனாயிஸ் ரத்தத்தின் மேல் படிகாரத்தைத் தேய்த்தான். வெட்டப்பட வேண்டிய அந்தக் கை அவனுடையது.

அவன் ஆன்டெனா வைத்ததற்குக் காரணம் அவன் மகள் மிர்ஸினி. சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கப்பல் எப்போது கரை சேருமோ அப்போதுதான் கூப்பிடுவாள். போன ஜனவரியில் அப்படி ஓர் அழைப்புக்காகக் குன்றேறிய அவன் மனைவி கலியோப்பி, ஈரப் பாறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு உட்கார்ந்து அவள் அழுதது கைவலிக்காக அல்ல, அழைப்பைத் தவறவிட்டதற்காக. அதைப் பார்க்க முடியாமல் பனாயிஸ் துறைமுகத்துக்குப் போய், செல்போன் கம்பெனி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வெள்ளை வேனில் ஆட்கள் வந்தார்கள். செங்கல் போலவே வண்ணம் பூசிய ஒரு பிளாஸ்டிக் புகைபோக்கியைக் கூரையில் நட்டு, உள்ளே ஏதோ பெட்டியை வைத்தார்கள். மிச்சத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் சமையலறையிலேயே மிர்ஸினியின் குரல் கேட்டது. கலியோப்பி அவனுக்கு முத்தமே கொடுத்தாள்.

பயம் இல்லாமல் இல்லை. இதே ஊரில் மாவ்ரிஸ் என்றொருவன் தன் தோப்பைக் கோபுரத்துக்குத் தர ஒத்துக்கொண்டான். அன்றிலிருந்து யாரும் அவனுக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. அவன் அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கத் தோள் கிடைக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் பிரேயஸுக்குப் போய்விட்டான். ஊர் கைவிட்டால் ஒரு நாவிதன் யார் தலையில் கை வைப்பான்?

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினான். தெருமுனையிலேயே கலியோப்பியின் குரல் கேட்டது.

"மார்செய் துறைமுகத்துல மழையா? குடை எடுத்துட்டுப் போடி."

பனாயிஸ் சன்னல்களை அடித்துச் சாத்தினான். "மெதுவாப் பேசு. ஊர் முழுக்கக் கேக்குது."

"ஏ மனுஷா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவகிட்ட மெதுவாப் பேசினா எப்படிக் கேக்கும்?"

"வாத்தியாருக்குத் தெரிஞ்சுபோச்சு. தேடப் போறாங்க."

கலியோப்பி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதை மட்டும் எடுத்துடாதே. கழட்டச் சொன்னாங்கன்னா நானும் கப்பல்ல ஏறிடுவேன்."

குழு ஊருக்குள் இருந்த கோயிலின் முற்றத்தில் கூடியது. வாத்தியார், தோதோரிஸ், மருந்துக்கடை தெஸ்பினா, பாதிரியார் ஸ்பிரோஸ், பனாயிஸ். வழியெல்லாம் பனாயிஸ் யோசித்துக்கொண்டே வந்தான். வழக்கம்போலத் தானே உரக்கக் கத்தினால் தன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று முடிவு செய்திருந்தான்.

"வீடு வீடாப் போகணும். கூரை கூரையா ஏறணும். ஒரு வீட்டையும் விடக் கூடாது," என்று முழங்கினான்.

கைதட்டலை எதிர்பார்த்தான். ஒரு கையும் தட்டவில்லை.

பாதிரியார் தாடியைத் தடவினார். "கூரை மேல எல்லாம் எதுக்குப்பா? ஓடு உடையும்."

"அதில்ல சாமி, இந்த மாதிரித் துரோகத்தை விட்டா..."

"என் தெருவை நான் பார்த்துட்டேன்," என்றாள் தெஸ்பினா. "அங்க ஒண்ணும் இல்ல. காலைலேர்ந்து எனக்குத் தலைவலி வேற."

"என் தெருவையும் பார்த்தாச்சு," என்றார் தோதோரிஸ்.

"பள்ளிக்கூடத் தெருவுக்கு நான் பொறுப்பு," என்றார் வாத்தியார்.

"கோயிலைச் சுத்தி நானே பார்த்துட்டேன்," என்றார் பாதிரியார்.

நான்கு தலைகளும் பனாயிஸ் பக்கம் திரும்பின.

"அப்ப மிச்சம் இருக்கறது உன் தெருதான்," என்றார் வாத்தியார். "நீயே சொல்லிட்டே, ஒரு வீட்டையும் விடக் கூடாதுன்னு."

பனாயிஸ் தன் வாயாலேயே கெட்டான்.

ஊர்வலம் கிளம்பியது. வாத்தியார் போனை நீட்டிப் பிடித்தபடி முன்னால் நடந்தார். எங்கே திருப்பினாலும் நாலு கோடு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சேர்ந்து சேர்ந்து, பனாயிஸ் வீட்டு வாசலுக்கு வரும்போது தெருவே நிறைந்துவிட்டது.

தோதோரிஸ் அண்ணாந்து பார்த்தார். "இந்தப் புகைபோக்கி எப்ப முளைச்சுது?"

"அதுவா, கலியோப்பிக்காகக் கட்டினது," என்றான் பனாயிஸ். "அடுப்பு போட்டிருக்கோம். அவளுக்குக் குளிர் ஆகல."

"ஆகஸ்ட் மாசத்துல?"

"ஆகஸ்ட்லயும் குளிருது. அதனாலதானே வியாதின்னு சொல்றேன்."

சொன்னதுதான் தாமதம், கூட்டத்தின் முகம் மாறியது. பிர்கேலிக்காரர்கள் துரோகியை மன்னிக்க மாட்டார்கள், நோயாளியைச் சும்மா விட மாட்டார்கள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று தெஸ்பினா மருந்துக்கடைக்கு ஓடினாள். இன்னும் நாலு பேர் கோழி சூப் வைக்க ஓடினார்கள். பாதிரியார் புனித எண்ணெய் எடுத்து வரப் போனார். பனாயிஸ் எல்லாரையும் முந்திக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தான். கலியோப்பி தக்காளிக்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"படு," என்றான்.

"என்னது?"

"உனக்குக் குளிர்காய்ச்சல். கேள்வி கேக்காம படு." குளிர்காலக் கம்பளிகள் இரண்டையும் இழுத்து அவள்மேல் போர்த்தினான். தக்காளி அவள் கையிலேயே இருந்தது.

அறை நிரம்பிவிட்டது. தெஸ்பினா வெப்பமானியை எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "முப்பத்தொம்பது. நிஜமாவே நல்ல காய்ச்சல்." அந்த வெயிலில் இரண்டு கம்பளிக்குள் படுத்தால் பாறைக்கும் காய்ச்சல் வரும். வியர்வை கண்ணில் வழிய, கலியோப்பி புருஷனைப் பார்த்த பார்வையில் ஒரு கொலைக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. பாதிரியார் அவள் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தார். சூப் வந்தது. இன்னொரு சூப்பும் வந்தது.

வெளியே போன தோதோரிஸ் திரும்பி வந்தார். "அடுப்பு போட்டிருக்கேன்னு சொன்னே. புகையே வரலையே?"

"நனைஞ்ச விறகு," என்றான் பனாயிஸ்.

"நனைஞ்ச விறகுன்னா புகை கூடத்தானே வரணும்?"

வாத்தியாரும் திரும்பிப் பார்த்தார். பனாயிஸுக்கு வேறு வழி தெரியவில்லை. தட்டு நிறையக் கனன்ற கரியும் அதன் மேல் ஈர ஆலிவ் இலையுமாக எடுத்துக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறினான். புகைபோக்கியின் அடியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் திறந்து தட்டை உள்ளே தள்ளிவிட்டு ஊதினான்.

வெள்ளைப் புகை எழுந்தது.

"பாரு, புகை வருது," என்று கீழே யாரோ சொன்னார்கள். "பாவம்யா, அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோம்."

பனாயிஸ் முழங்காலில் உட்கார்ந்து, அன்று காலையிலிருந்து விடாத மூச்சை விட்டான். அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் நீடித்தது. முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு செங்கல் வியர்த்தது. பிறகு, எந்தச் செங்கலும் செய்யாத காரியமாக, புகைபோக்கி மெல்லக் குனிந்தது. அடியில் தீ பிடித்தது. மேல்பாதி கழன்று ஓட்டில் உருண்டு வாத்தியாரின் காலடியில் விழுந்தது. கூரையில் மிச்சம் நின்றது கருகிய ஓர் இரும்புப் பெட்டி. அதிலிருந்து ஒயர்கள் தொங்கின.

தெருவே அண்ணாந்து பார்த்தது.

அப்போதுதான் கம்பளிக்கு அடியில் போன் அடித்தது. குளிர்காய்ச்சல்காரி கம்பளிகளை உதறி எறிந்துவிட்டு பால்கனிக்கு ஓடி வந்தாள்.

"மிர்ஸினி, சொல்லும்மா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்கப்பா வீட்டைக் கொளுத்திட்டு இருக்கார்."

பனாயிஸ் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்தான். பிறகு கூரையின் விளிம்புக்கு வந்து நின்றான். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

"ஆமா, நான்தான் வச்சேன்," என்றான். "கோபுரம் வேண்டாம்னு கத்தினதும் நான்தான், திருட்டுத்தனமா வச்சதும் நான்தான். என் பொண்ணு குரலைக் கேக்க இவ குன்று ஏறிக் கையை உடைச்சுக்கிட்டா. என்னால பார்த்துட்டு இருக்க முடியல. மாவ்ரிஸுக்குச் செஞ்சதை எனக்கும் செய்யுங்க. ஆனா கலியோப்பிகிட்ட மட்டும் பேசாம இருந்துடாதீங்க. அவ மேல தப்பில்ல."

கல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெஸ்பினா வெப்பமானியைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பாதிரியாரின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. கையை வெட்ட வேண்டும் என்ற தோதோரிஸ், கழுத்தைச் சொறிந்தபடி வானத்தைப் பார்த்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெள்ளை வேன் ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. கம்பெனி ஆள் ஒருவர், மீசைக்காரர், இறங்கினார். கூரையைப் பார்த்தார், கையிலிருந்த ஒயர்ச் சுருளைப் பார்த்தார், அதைத் தரையில் போட்டார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"எரிஞ்சுபோச்சு," என்றான் பனாயிஸ். "என்னால இனி ஊருக்கே சிக்னல் கிடையாது. அவ்வளவுதான்."

"அதெல்லாம் நல்லா வரும்," என்றார் மீசைக்காரர் எரிச்சலோடு. "இறைச்சிக்கடை, மருந்துக்கடை, வாத்தியார் வீடு, கோயில் மணிக்கூண்டு, நாலு ஆன்டெனாவும் போன மாசத்துலேர்ந்து ஓடிட்டுதானே இருக்கு? கரண்ட் குடுக்க பாக்கி இருந்தது இது ஒண்ணுதான்."